அந்த 'யாராவது' யார்?

ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து வெளியே வந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். கூட வந்தவர் முற்போக்கு எழுத்தாளர். நல்ல மனிதர், நம் மேடைகளில் நமக்காகப் பேசுகிறவர். தள்ளுவண்டியில் தொங்கிய க்யூ.ஆர். அட்டைக்கு நேரே போனைப் பிடித்தார். 'டிங்' என்றது. முகமெல்லாம் மலர்ச்சி. "பாத்தீங்களா தோழர், இளநீர்க்காரம்மா கூட ஸ்கேன் பண்ணச் சொல்றாங்க. பைசா செலவு இல்ல, சில்லறைத் தகராறு இல்ல, எவ்ளோ வசதி! நீங்க எதுக்கெடுத்தாலும் சாதிங்கிறீங்க. போனுக்கு ஏது சாதி?"

அந்த இடத்தில் நான் பதில் சொல்லவில்லை. அந்த அம்மா எதிரில் நின்றுகொண்டிருந்தார். இப்போது சொல்கிறேன். நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். பொருளாதாரம் படித்தவளில்லை. சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டை போடத்தான் தெரியும். தோழர் மூன்று சொல் சொன்னார்: கூட, வசதி, செலவு இல்லை. அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறேன்.

முதலில் 'கூட'. 'இளநீர்க்காரம்மா கூட.' இலக்கணத்தில் இதற்கு இழிவு சிறப்பும்மை என்று பெயர். நன்னூல் உரைகளில் இதற்குக் காலங்காலமாக வருகிற எடுத்துக்காட்டு 'புலையனும்' என்று தொடங்குகிறது. எம்.ஏ. வகுப்பில் அதைச் சத்தம் போட்டு வாசித்தபோது கடைசி பெஞ்சில் இருந்த நாங்கள் மூன்று பேர் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டோம். அந்த உம்மைதான் இன்றைக்குக் 'கூட' என்று வேஷம் மாற்றிப் போனுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆயா கூட, துப்புரவுக்காரர் கூட, பிச்சைக்காரர் கூட! எங்கள் கையில் போன் இருப்பது உங்களுக்கு அதிசயம். அந்தப் போனுக்குப் பின்னால் இருக்கிற வங்கிக் கணக்கில் எங்கள் காசுக்கு என்ன நடக்கிறது என்பது மட்டும் ஒருநாளும் உங்களுக்கு அதிசயமாகவோ செய்தியாகவோ ஆவதில்லை.

அடுத்தது 'வசதி'. இந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். 'வசதியா இருக்கு' என்றால் சௌகரியம். 'வசதியானவங்க' என்றால் பணம் உள்ளவர்கள். நம் சனங்கள் ஒரே சொல்லில் இரண்டையும் வைத்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் வங்கி அதைச் சட்டமாகவே ஆக்கி வைத்திருக்கிறது. கணக்கில் பணம் இருப்பவனுக்கு எல்லாம் சும்மா. செக் சும்மா, கார்டு சும்மா, மானேஜர் எழுந்து நின்று கும்பிடுவதும் சும்மா. கணக்கில் பணம் இல்லாதவனுக்குத்தான் ஒவ்வொன்றுக்கும் விலை. வசதி உள்ளவனுக்கு வசதி, இல்லாதவனுக்கு அபராதம்.

'என்னம்மா பழைய பாட்டைப் பாடறீங்க, யு.பி.ஐ. இலவசமாச்சே' என்பீர்கள். சரி, மூன்றாவது சொல்லுக்கு வருகிறேன்.

யு.பி.ஐ. 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அந்த ஆண்டு நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து, புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் நூற்றுக்கு 86 பங்கை ஒரே இரவில் காகிதமாக்கினார்கள். கொத்து வேலைக்கும் களை வெட்டவும் போனவர்கள் கூலிக்குப் பதிலாகப் பழைய நோட்டை வாங்கிக்கொண்டு பேங்க் வாசலில் நின்றார்கள். போன் பணம் வளர்ந்தது அந்த வரிசையின் தோள்மேல் ஏறித்தான். 2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரரிடம் வங்கி கட்டணம் வாங்கக் கூடாது என்று ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிமாற்றங்களைத் தாண்டியது. இதெல்லாம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 'இலவசம்' என்ற பலகையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்.

ஏழைகளுக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஆங்கிலத்தில் நீளமாகப் பேர் வைத்திருக்கிறார்கள், சனங்கள் 'ஜீரோ பேலன்ஸ்' என்பார்கள். 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன்தன் கணக்குகளும் இந்த வகைதான். குறைந்தபட்ச இருப்பு வேண்டியதில்லை, மாதத்துக்கு நான்கு தரம் பணம் எடுக்கலாம் என்பது அதன் விதி. ஐந்தாவது தரம் எடுத்தால்? அங்கேதான் ஓட்டை. ஸ்டேட் பாங்க் அந்த ஓட்டையில் கையை விட்டது. ஏ.டி.எம்.மில் எடுப்பது மட்டுமில்லை, போனில் இருபது ரூபாய் அனுப்பினால் அதுவும் 'எடுப்பு'தான் என்று கணக்கு வைத்தது. நான்கு தாண்டினால் ஒவ்வொரு தரத்துக்கும் 15 ரூபாய், மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 17 ரூபாய் 70 காசு.

பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆஷிஷ் தாஸ் இதைத் தோண்டி எடுத்து அறிக்கையாக எழுதினார். 2017 ஏப்ரலுக்குப் பிறகு குறைந்தது 14 கோடி டிஜிட்டல் பரிமாற்றங்களுக்கு இப்படி 17.70 பிடித்திருக்கிறார்கள், மொத்தம் 254 கோடி ரூபாய் என்று அவர் கணக்குக் காட்டினார். 2020 ஆகஸ்டில் வருமான வரித்துறையின் மத்திய வாரியம், அந்த ஆண்டு ஜனவரி 1-க்குப் பிறகு யு.பி.ஐ., ரூபே பரிமாற்றங்களுக்குப் பிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்று வங்கிகளுக்கு எழுதியது. 90 கோடி திரும்பி வந்தது. அதற்கு முன்னால் பிடித்த 164 கோடி திரும்பவில்லை என்று 2021 நவம்பரில் அதே பேராசிரியர் எழுதினார். 'விதிப்படிதான் பிடித்தோம்' என்பது வங்கியின் பதில்.

கொஞ்சம் நின்று இதைக் கூலிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 2018-19-இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 224 ரூபாய். இலவசத்துக்குமேல் பதின்மூன்று தரம் போனில் பணம் கொடுத்தால், ஒருநாள் முழுக்க வெயிலில் மண் வெட்டிய கூலி காலி. பால் பாக்கெட் இருபது ரூபாய், அதை வாங்கியதற்கு 17.70. நாட்டுக்கெல்லாம் 'ரொக்கத்தை விடுங்கள், டிஜிட்டலுக்கு வாருங்கள்' என்று பிரதமரின் குரலில் விளம்பரம். அதை நம்பி வந்த ஏழைக்குக் கதவுக்குப் பின்னால் அபராதச் சீட்டு. கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, உட்கார்ந்ததற்குக் காசு கேட்பதற்கு என்னய்யா பேர்?

இது ஏதோ ஒரு வங்கி, ஏதோ ஒரு காலம் என்று தள்ளிவிட முடியாது. 2023 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிதித்துறை இணையமைச்சர் கொடுத்த பதில் இருக்கிறது. 2018 தொடங்கி அதுவரை பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் சேர்ந்து பிடித்தது 35,000 கோடி ரூபாய்க்கு மேல். குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கு 21,000 கோடிக்கு மேல். ஏ.டி.எம்.மில் கூடுதலாக எடுத்ததற்கு 8,000 கோடிக்கு மேல். எஸ்.எம்.எஸ். அனுப்பியதற்கு 6,000 கோடிக்கு மேல். 2017-இல் ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டே மாதத்தில் ஸ்டேட் பாங்க் குறைந்தபட்ச இருப்பு அபராதமாக வாங்கியது 1,771 கோடி. அதே ஆண்டு ஜூலை - செப்டம்பர் காலாண்டில் அந்த வங்கியின் நிகர லாபமே 1,581 கோடிதான். இல்லாதவனிடம் பிடித்த காசு, இருப்பவனை வைத்துச் சம்பாதித்த லாபத்தைவிட அதிகம்!

எதிர்ப்புக்குப் பிறகு 2020 மார்ச்சில் ஸ்டேட் பாங்க் அந்த அபராதத்தைக் கைவிட்டது. 2025 ஜூன், ஜூலையில் கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, பரோடா வங்கி, இந்தியன் வங்கி ஆகியவையும் விட்டன. நல்லது. ஆனால் அடுத்த மாதமே ஒரு பெரிய தனியார் வங்கி, நகரத்தில் புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர் சராசரியாக 50,000 ரூபாய் வைத்திருக்க வேண்டும் என்றது. கூச்சல் எழுந்ததும் 15,000 என்று இறங்கியது. ரிசர்வ் வங்கி ஆளுநரைக் கேட்டால், அது அந்தந்த வங்கியின் முடிவு என்றார். எவன் உள்ளே வரலாம் என்று அந்தந்தக் கோயில் தர்மகர்த்தாவே முடிவு செய்யட்டும் என்று ஒரு காலத்தில் சொன்ன குரல் மாதிரியே கேட்கவில்லையா உங்களுக்கு?

எங்கள் அம்மாவின் பாஸ்புக்கைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா பேரூராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. விடிகாலை நான்கு மணிக்கு விளக்குமாறும் வண்டியுமாகக் கிளம்புவார். ஒப்பந்தக்காரன் சம்பளம் போடுகிற தேதி அவன் மனசுக்குத்தான் தெரியும். தம்பிக்கு ஒரு போன் வாங்கித் தவணையை அம்மா கணக்கில் எழுதிக் கொடுத்திருந்தோம். 'இப்பல்லாம் போன் இல்லாம வேலையே இல்லம்மா' என்று கேட்டது நான்தான். தவணை மாதம் 5-ஆம் தேதி. அந்த மாதம் சம்பளம் வந்தது 11-ஆம் தேதி. 5-ஆம் தேதி தவணைக் கம்பெனி கணக்கைத் தட்டியது, பணம் இல்லை. வங்கி ஓர் அபராதம் போட்டது, கம்பெனி ஓர் அபராதம் போட்டது. 8-ஆம் தேதி கம்பெனி மறுபடி தட்டியது. மறுபடி வங்கி அபராதம். ஒரு தரத்துக்கு முன்னூறு ரூபாய்க்குக் கிட்டே. கணக்கில் பணம் இல்லாததால் எடுக்க முடியாமல் நின்ற அபராதம், 11-ஆம் தேதி சம்பளம் விழுந்ததும் முதல் ஆளாகக் கையை நீட்டி எடுத்துக்கொண்டது. அம்மா மீதியை எடுக்க ஏ.டி.எம்.முக்குப் போய், இருப்பதைவிட அதிகமான தொகையை அழுத்தியிருக்கிறார். 'போதிய இருப்பு இல்லை' என்று சீட்டு வந்தது. அதற்கும் இருபதுக்குமேல் பிடித்தார்கள்.

பாஸ்புக்கை என் முன்னால் போட்டு அம்மா கேட்டார்: "ஏண்டி பாப்பா, காசு இல்லன்னு சொல்றதுக்கே காசா? இல்லாதவகிட்ட இல்லாததுக்கு இன்னாத்தடி எடுக்கறான் இவன்?"

எம்.ஏ. படித்த எனக்கு இதைவிடச் சுருக்கமாக இந்தப் பொருளாதாரத்தைச் சொல்லத் தெரியவில்லை.

வங்கியில் போய்க் கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "அது சிஸ்டம் பிடிக்கறதும்மா, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். இந்தச் 'சிஸ்டம்' என்ற சொல்லையும் நாம் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். முன்பு 'ஊர் வழக்கம்' என்றார்கள். தெருவுக்குள் செருப்புப் போட்டு வரக்கூடாது என்று யார் சொன்னது? ஊர் வழக்கம். டீக்கடையில் தனிக் குவளை யார் வைத்தது? ஊர் வழக்கம். செய்தவன் ஒருத்தன் இருப்பான், சொன்னவன் ஒருத்தன் இருப்பான், ஆனால் கேட்டால் ஆள் இல்லை, வழக்கம்தான் இருக்கும். இப்போது சிஸ்டம். 17.70 என்று ஒரு மனிதன் ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்தான், இன்னொரு மனிதன் கையெழுத்துப் போட்டான். சிஸ்டத்துக்குக் கை கிடையாது.

பெரிய கடனாளிக்கு இதே சிஸ்டம் எப்படி நடந்துகொள்கிறது? 2014-15 முதல் 2023-24 வரை பத்து ஆண்டில் வங்கிகள் கணக்கேட்டிலிருந்து விலக்கி வைத்த வாராக்கடன் 16.35 லட்சம் கோடி ரூபாய் என்று 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். 'இது தள்ளுபடி இல்லை, வசூல் முயற்சி தொடரும்' என்று சொல்வார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாருங்கள், அவர்கள் கடன் ஏட்டிலிருந்து நாசூக்காக எடுத்து ஓரமாக வைக்கப்படுகிறது. எங்கள் அம்மாவின் அபராதம் மட்டும் ஏட்டிலேயே காத்திருந்து சம்பளத்தின் கழுத்தைப் பிடிக்கிறது.

இங்கே நம் இடதுசாரித் தோழர்கள் சிலர் எழுந்து, 'அதனால்தான் சொல்கிறோம், ரொக்கம்தான் ஏழைகளின் சுதந்திரம், போன் பணமே மோசடி' என்பார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. ரொக்கத்தை இப்படிப் புனிதமாக்காதீர்கள் தோழர்களே. ரொக்கம் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்படி வந்தது என்று எங்களைக் கேளுங்கள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊர்த்தெருக் கடைக்குக் காலனியிலிருந்து மிட்டாய் வாங்கப் போவோம். காசைக் கடைக்காரர் கையில் கொடுக்கக் கூடாது, பலகைமேல் வைக்க வேண்டும். மீதிச் சில்லறையை அவர் மேலேயிருந்து போடுவார், நாங்கள் இரண்டு கையையும் குவித்து ஏந்த வேண்டும். ஒருதரம் ஐம்பது காசு கைதவறிச் சாக்கடையில் விழுந்தது. துழாவி எடுத்தேன், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆயா அறுப்புக்கூலி வாங்கும்போது மடியை விரித்துக் குனிந்துதான் வாங்குவாள். கோயில் திருவிழாவுக்குக் காலனி வரியை வாங்கவே மாட்டார்கள். வாங்கினால் நாளைக்கு வடத்தைத் தொட உரிமை கேட்போமே! ரொக்கத்துக்கு மணம் இல்லை என்று யார் சொன்னது? எங்கள் கை பட்ட காசின்மேல் தண்ணீர் தெளித்து எடுத்த ஊர் இது.

அந்தக் கடை இன்றும் இருக்கிறது. அப்பா போய் மகன் உட்கார்ந்திருக்கிறார். க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது, ஒலிப்பெட்டி தமிழில் 'ரூபாய் இருபது பெறப்பட்டது' என்று சத்தமாகச் சொல்கிறது. காலனிப் பையன்கள் போய் நிமிர்ந்து நின்று ஸ்கேன் செய்கிறார்கள். கையை ஏந்துவது இல்லை. இதை நான் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். என் தம்பி குனியாமல் வாங்குகிறான், அது போதும் எனக்கு என்று ஒருநாள் நினைத்தும் இருக்கிறேன். ஆனால் அதே கடையில் ஒருநாள் சிக்னல் இல்லை. பையன் பத்து ரூபாய் நோட்டை நீட்டினான். கடைக்காரர் கை நீளவில்லை. "அங்க வையிடா." அவ்வளவுதான். தீண்டாமை ஒழிந்துவிடவில்லை, தொடவேண்டிய அவசியம்தான் ஒழிந்திருக்கிறது. தொடாமல் காசு வாங்குவது எப்படி என்று ஆதிக்க சாதி இத்தனை காலம் பலகையையும் தண்ணீரையும் வைத்துப் பட்ட பாட்டை ஓர் அட்டை முடித்துக் கொடுத்துவிட்டது. இதைத்தான் தோழர் 'போனுக்கு ஏது சாதி' என்று கேட்டார். போனுக்கு இல்லை. போனின் இரண்டு பக்கமும் இருக்கிறவர்களுக்கு இருக்கிறது.

ஆகவே நான் போனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. தூக்கிப் போட்டால் மறுபடி கை ஏந்தச் சொல்வார்கள். அந்த வசதி எங்களுக்கும் வேண்டும், குனியாமல் வேண்டும், அதற்கு அபராதம் கட்டாமல் வேண்டும். இதுதான் என் வழக்கு.

அம்பேத்கர் பெயரை இதில் இழுத்துவிட்ட கதையையும் பேச வேண்டும். 2016 டிசம்பர் 30 அன்று டெல்லியில் பிரதமர் ஒரு செயலியை வெளியிட்டார். பேர் 'பீம்'. பீம்ராவ் அம்பேத்கர் நினைவாக வைத்தது என்று மேடையிலேயே சொன்னார். செல்லாத நோட்டை வங்கியில் போடக் கெடு முடிகிற அதே நாள்! நம் ஆட்களில் சிலர் அதற்கும் கை தட்டினார்கள். பேர் வைத்தால் போதும் நமக்கு. பேருந்து நிலையத்துக்குப் பேர், தெருவுக்குப் பேர், இப்போது செயலிக்கும் பேர்.

அந்த மனிதர் பணத்தைப் பற்றி என்ன எழுதினார் என்று பேர் வைத்தவர்கள் பார்த்தார்களா? 1923-இல் லண்டனில் 'ரூபாயின் பிரச்சினை' என்ற நூலை வெளியிட்டவர் அவர். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் டாக்டர் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு அது. 1925-இல் ஹில்டன் யங் கமிஷன் முன்னால் சாட்சியமும் அளித்தார். ரூபாயின் மதிப்பைக் கூட்டவா குறைக்கவா என்று எல்லோரும் வாதாடியபோது, இதனால் லாபம் எந்த வர்க்கத்துக்கு, நட்டம் எந்த வர்க்கத்துக்கு என்று பிரித்துக் கேட்டவர் அவர். விலை ஏறும் வேகத்துக்குக் கூலி ஏறாது, அடிபடுகிறவன் கூலிக்காரன் என்று பார்த்தவர். அந்தக் கேள்விதான் அம்பேத்கர். அதை விட்டுவிட்டுப் பேரை மட்டும் எடுத்து அட்டையில் ஒட்டுவது நமக்கு வைத்த படையல் ஆகாது.

இன்னொரு வேடிக்கையும் பாருங்கள். யு.பி.ஐ. பரிமாற்றங்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் 2025-இல் இரண்டே செயலிகள் வழியாகப் போயின. ஒன்றில் அமெரிக்காவின் வால்மார்ட் பெரும் பங்குதாரர், இன்னொன்று கூகுளுடையது. ஒரு செயலிக்கு நூற்றுக்கு முப்பதுக்குமேல் போகக்கூடாது என்று 2020-இலேயே விதி சொன்னார்கள். கெடுவைத் தள்ளித் தள்ளி 2026 டிசம்பர் வரை கொண்டுபோனார்கள். பீம் பேர் கொண்ட செயலியின் பங்கு நூற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. கம்பெனிக்கு விதியை மீற ஆறு ஆண்டு தவணை. எங்கள் அம்மாவுக்கு ஆறு நாள் தவணை இல்லை.

கடைசியாக அந்த 'யாராவது'.

2025 ஆகஸ்டில் யு.பி.ஐ. இலவசமாகவே நீடிக்குமா என்று கேட்டபோது, ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா சொன்னதன் சாரம் இது: இதற்கு ஒரு செலவு இருக்கிறது, அதை யாராவது ஏற்கத்தான் வேண்டும். நியாயமான பேச்சுதான். கம்பி, கணினி, மின்சாரம், ஆள் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அரசாங்கமும் ஒரு பங்கு தருகிறது. சிறு கடைகளில் நடக்கும் 2,000 ரூபாய் வரையிலான பரிமாற்றங்களுக்காக 2024-25-க்கு 1,500 கோடி ஒதுக்கினார்கள். அது வரிப்பணம். சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிற எங்கள் பணமும் அதில் சேர்ந்ததுதான். மிச்சச் செலவு வங்கியின் தலையில். வங்கி அதை எங்கே ஈடுகட்டும்? ஏ.டி.எம்.மில் இலவச அளவைத் தாண்டினால் ஒரு தரத்துக்கு 23 ரூபாய் வரை வாங்கலாம் என்று 2025 மே 1 முதல் உயர்த்திக் கொடுத்திருக்கிறார்கள். கார்டுக்கு ஆண்டுக் கட்டணம், எஸ்.எம்.எஸ். கட்டணம், தவணை திரும்பியதற்கு அபராதம், இருப்பு இல்லாததற்கு அபராதம். இந்தப் பட்டியலில் வசதியானவர் கட்டுவது எது? ஒன்றுகூட இல்லை. அவர் கணக்கில் எப்போதும் பணம் இருக்கும், அவருக்கு எல்லாம் தள்ளுபடி.

இந்த 'யாராவது' என்ற சொல் எங்களுக்குப் புதிதில்லை. ஊரில் செத்த மாட்டை யாராவது தூக்கத்தான் வேண்டும். பிணத்தை யாராவது எரிக்கத்தான் வேண்டும். சாக்கடையில் யாராவது இறங்கத்தான் வேண்டும். பறை அடித்துச் சாவுச் சேதியை யாராவது சொல்லத்தான் வேண்டும். எல்லாம் நியாயம்தான். ஆனால் ஆயிரம் ஆண்டாக அந்த 'யாராவது' மட்டும் ஏன் ஒரே தெருவிலிருந்து வருகிறார்? பெயர் சொல்லாத இந்தச் சுட்டுக்குள் எங்கள் பெயர் எழுதியிருக்கிறது. ஊரின் சுத்தத்துக்கு எங்கள் உடம்பு செலவானது. இன்றைக்கு உங்கள் போனின் 'டிங்'குக்கு எங்கள் கூலி செலவாகிறது. உங்கள் 'செலவு இல்லை'யின் பொருள் இதுதான் தோழர், உங்களுக்குச் செலவு இல்லை.

என்ன செய்ய வேண்டும்? புலம்பிவிட்டுப் போகிற வழக்கம் நமக்கு வேண்டாம். ஜீரோ பேலன்ஸ் கணக்கில் பிடித்த 17.70-களை, 2020-க்கு முன்னால் பிடித்ததையும் சேர்த்து, வட்டியோடு திருப்பித் தரவேண்டும். எந்த வங்கியானாலும், சம்பளமும் உதவித்தொகையும் வருகிற கணக்கில் இருப்பு இல்லாததற்கு அபராதம் கூடாது. தவணை ஒருதரம் திரும்பினால் அந்த மாதம் மறுபடி மறுபடி தட்டி அபராதம் போடுவதைத் தடை செய்யவேண்டும். சம்பளத் தேதியை மீறுகிற ஒப்பந்தக்காரனிடமிருந்தே அந்த அபராதத்தை வசூலிக்கவேண்டும். குப்பை அள்ளியும் செங்கல் அறுத்தும் ரேகை தேய்ந்துபோன விரல்களுக்கு, மெஷின் 'பொருந்தவில்லை' என்றாலும் பணம் கிடைக்க வழி வேண்டும். ஏ.டி.எம். மெஷின் ஊர்த்தெரு முக்கில் மட்டும் ஏன்? காலனி முக்கிலும் வேண்டும். போனில் போட்டுவிட்டு ரொக்கம் வாங்க ஆயிரத்துக்குப் பத்தும் இருபதும் கமிஷன் கொடுக்கிற நிலை ஒழியவேண்டும். செலவை யாராவது ஏற்கவேண்டும் என்றால், இந்தப் பரிமாற்றத்தால் வளர்ந்த பெரிய கம்பெனிகளும் பெரிய வணிகர்களும் ஏற்கட்டும். இளநீர் வண்டியிலும் எங்கள் அம்மா கணக்கிலும் கை வைக்காதே.

நம் அமைப்புத் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த தெருக்கூட்டத்துக்குப் போகும்போது துண்டறிக்கையோடு ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு வீட்டிலும் பாஸ்புக்கை வாங்கிப் பாருங்கள். அச்சடித்துப் பல மாதம் ஆகியிருந்தால் கூட்டிப்போய் அச்சடிக்கச் சொல்லுங்கள். அதில் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இருக்கிற ஒவ்வொரு பிடித்தத்துக்கும் பக்கத்தில் தமிழில் எழுதுங்கள்: இது எதற்கு, எவ்வளவு, அன்றைக்குக் கூலி எவ்வளவு. இந்தப் பத்திரிகையில் நாம் எத்தனையோ சாட்சியங்களை எழுதியிருக்கிறோம். அடி வாங்கியதை, பசியை, செருப்பைக் கையில் பிடித்து நடந்ததை. பாஸ்புக்கும் ஒரு சாட்சியம்தான். அதை நாம் எழுதவில்லை, அவர்களே தேதி போட்டு, பைசா சுத்தமாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பத்துக் காலனியின் பாஸ்புக்குகளைச் சேர்த்து ஒரு மனுவாக வங்கி வாசலில் வைத்தால், 'சிஸ்டம்' என்று யார் எழுந்து பதில் சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

இளநீர் வண்டி அம்மாவை அப்புறம் ஒருநாள் தனியாகப் போய்ப் பார்த்தேன். பேச்சுவாக்கில் கேட்டேன், "இந்த அட்டை வசதியா இருக்காம்மா?" காயைத் திருப்பித் திருப்பிச் சீவிக்கொண்டே சொன்னார்: "வர்றவங்களுக்கு வசதி. ராத்திரி காய்க்காரனுக்குக் காசாதான் தரணும். எடுக்கப் போனா அஞ்சு தரத்துக்கு மேல பிடிக்கிறான். இன்னா பண்றது, யாராவது ஒருத்தர் பட்டுத்தான ஆவணும்."

அவரும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார். ஆளுநர் சொன்னபோது அது கொள்கை. இவர் சொன்னபோது பழக்கம். அந்தப் பழக்கத்தைத்தான் நாம் உடைக்க வேண்டும்.